தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வராது

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் நொடியில் தூரமும் பயண நேரமும் சொல்லும் கணிப்பான்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. அவை சொல்லும் தூரத்தைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. நேரத்தைப் பற்றித்தான் மனது ஆறுவதில்லை. பெரும்பாலானவை செய்வது ஒரே கணக்கு: தூரத்தை மணிக்கு 800 அல்லது 900 கிலோமீட்டர் என்ற ஒரு நிலையான வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் கூட்டிவிடுவது. போகும்போதும் வரும்போதும் ஒரே விடை. ஜனவரியிலும் ஜூலையிலும் ஒரே விடை. ஒரு மணி நேரப் பயணத்துக்கு இது போதும். கண்டம் தாண்டும் பயணத்துக்கு ஒன்று, இரண்டு மணி நேரம் தப்பிப்போகும். அதை நம்பி, இறங்கும் ஊரிலிருந்து தனி டிக்கெட்டில் அடுத்த விமானம் பிடிக்கத் திட்டமிடுபவர் நடுவழியில் மாட்டிக்கொள்வார்.

2019-ல் குவாண்டாஸ் நிறுவனம் போயிங் 787-9 விமானங்களில் நடத்திய இரண்டு ஆய்வுப் பயணங்களை எடுத்துக்கொள்வோம். அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு: சுமார் 16,200 கி.மீ., 19 மணி 16 நிமிடம். நவம்பரில் லண்டனிலிருந்து அதே சிட்னிக்கு: சுமார் 17,800 கி.மீ., 19 மணி 19 நிமிடம். விமான வகை ஒன்றுதான், இறங்கிய ஊரும் ஒன்றுதான். தூரத்தில் 1,600 கி.மீ. வித்தியாசம், நேரத்தில் 3 நிமிடம்! வகுத்தல் கணக்கின்படி லண்டன் பயணத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் கூடுதலாக ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. முதல் விமானம் மேற்குப் பக்கமாகப் போனது, இரண்டாவது கிழக்குப் பக்கமாகப் போனது. விஷயம் முழுக்க அதற்குள் இருக்கிறது. ஆனால் முதலில் தூரத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும்.

தூரத்தைக் கணக்கிடும் முறை

டோக்கியோ நரிட்டாவும் லாஸ் ஏஞ்சலஸும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பவை: ஒன்று 35.76 பாகை வடக்கு, மற்றது 33.94. சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தைப் பார்த்தால், பசிபிக்கின் குறுக்கே நேர்கிடையாக ஒரு கோடு போட்டால் போதும் என்று தோன்றும். அந்தக் கோட்டின் நீளம் 9,200 கி.மீ. அளவுக்கு வரும். உலக உருண்டையில் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடித்தால் அது வடக்கே வளைந்து 47 பாகைக்கும் மேலே ஏறி இறங்கும். அதன் நீளம் 8,754 கி.மீ. தான். இந்தப் பெருவட்டப் பாதைதான் இரண்டு நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று எல்லா அட்டவணைகளிலும் வருவது.

கோளத்தின் மேல் தூரம் காணும் ஹேவர்சைன் சூத்திரத்தால் இதைக் கையால் போட்டுப் பார்க்கலாம், கடினமில்லை. அட்சரேகை வித்தியாசத்தில் பாதி 0.91 பாகை, அதன் சைனின் வர்க்கம் 0.00025. தீர்க்கரேகை நரிட்டாவுக்கு 140.39 கிழக்கு, லாஸ் ஏஞ்சலஸுக்கு 118.41 மேற்கு. மேற்கைக் கழித்தல் குறியோடு எழுதினால் வித்தியாசம் 258.80, அதில் பாதி 129.40, சைனின் வர்க்கம் 0.5971. இதை இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களால் (0.8115, 0.8296) பெருக்கி முதல் எண்ணோடு கூட்டினால் 0.4022. அதன் வர்க்கமூலம் 0.6342. அதற்குரிய நேர்மாறு சைன் 0.687 ரேடியன். இரட்டித்தால் 1.374. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ.; பெருக்கினால் 8,754. வித்தியாசம் 180 பாகையைத் தாண்டிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம், இந்தச் சூத்திரம் தானாகவே குறுகிய பக்கத்தை எடுத்துக்கொள்ளும்.

தவறு நேர்வது சூத்திரத்தில் அல்ல, உள்ளே போடும் எண்களில். விரிதாளின் சைன் செயல்பாடு ரேடியனை எதிர்பார்க்கும். பாகையை அப்படியே கொடுத்தால் வாய்க்கு வந்த விடை வரும். மேற்குக்குக் கழித்தல் குறி போட மறந்தால் லாஸ் ஏஞ்சலஸ் சீனாவுக்குள் போய் விழும், தூரம் 2,000 கி.மீ. என்று வரும். இவை இரண்டும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். தெரியாமல் தங்கிவிடுவது வேறொன்று: விமான வரைபடங்களில் 33 பாகை 56 நிமிடம் என்று இருப்பதை 33.56 என்று எழுதிவிடுவது. 56 நிமிடம் என்பது 60-ல் 56, அதாவது 0.93. இந்த ஒரு பிழையில் 40 கி.மீ. நகர்ந்துவிடும், விடை பார்ப்பதற்கு நியாயமாகவே இருக்கும். அதேபோல், நகரின் மையப் புள்ளியை எடுப்பதும் கூடாது. நரிட்டாவும் ஹனேடாவும் டோக்கியோவின் நிலையங்கள்தான், ஆனால் ஒன்றுக்கொன்று 60 கி.மீ. தள்ளி இருக்கின்றன.

பூமி சரியான கோளம் அல்ல, நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. இதனால் கோளக் கணக்கில் அதிகபட்சம் அரை விழுக்காடு வரை பிழை வரும். வின்சென்டி 1975-ல் தந்த சூத்திரம் இதைச் சரிசெய்யும். நில அளவைக்கு அது தேவை. பயண நேரத்துக்கு வேண்டியதில்லை என்பது என் எண்ணம்: 10,000 கி.மீ. பயணத்தில் 50 கி.மீ. பிழை என்றால் மூன்றரை நிமிடம். அடுத்து வரும் விஷயம் நேரத்தை மணிக்கணக்கில் மாற்றக்கூடியது.

காற்றுக்குள் பறக்கிறது, நிலத்தின் மேல் அல்ல

நீண்டதூர ஜெட் விமானம் ஒலியின் வேகத்தில் 0.84, 0.85 பங்கில் பறக்கும். 11 கி.மீ. உயரத்தில், வெப்பநிலை மைனஸ் 56.5 பாகை என்றால், ஒலியின் வேகம் மணிக்கு சுமார் 1,062 கி.மீ. அப்படியானால் விமானத்தின் வேகம் 890 முதல் 900 கி.மீ. இது காற்றைப் பொறுத்த வேகம். அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும் ரயிலுக்குள் நடப்பவரின் நிலைமைதான் விமானத்துக்கும்: எவ்வளவு வேகமாக நடக்கிறார் என்பதோடு, ரயில் எந்தப் பக்கம் போகிறது என்பதும் சேர்ந்துதான் அவர் எங்கே போய்ச் சேருவார் என்பதைத் தீர்மானிக்கும்.

விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக உலகைச் சுற்றி ஓடுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ. சாதாரணம், 300-ஐத் தாண்டுவதும் உண்டு. 2020 பிப்ரவரியில் ஒரு புயல் நேரத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக அந்தப் பயணம் ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். தரையைப் பொறுத்து அதன் உச்ச வேகம் மணிக்கு 1,300 கி.மீ.க்கும் மேல். ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதா என்று அப்போது பலர் கேட்டார்கள். இல்லை. காற்றுக்குள் அது எப்போதும் போலத்தான் பறந்தது, காற்றுதான் அதைத் தூக்கிக்கொண்டு போனது.

இனி நரிட்டா–லாஸ் ஏஞ்சலஸ் பாதையில் எண்களைப் போட்டுப் பார்ப்போம். காற்றைப் பொறுத்த வேகம் 890, பாதை முழுக்கச் சராசரிப் பின்காற்று 110 என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே போகும்போது தரை வேகம் 1,000. வானில் 8 மணி 45 நிமிடம். அதே பாதையில் அதே காற்றை எதிர்த்துத் திரும்பினால் தரை வேகம் 780. 11 மணி 13 நிமிடம். இரண்டையும் கூட்டினால் 19 மணி 58 நிமிடம். காற்றே இல்லாத நாளில் போய்வர 19 மணி 40 நிமிடம்தான் ஆகும். போகும்போது கிடைத்த லாபம் வரும்போது நஷ்டமாகிச் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் பலர். சரியாகாது, எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்கிறது, அதனால் நஷ்டம் எப்போதும் கூடத்தான் நிற்கும்.

பாதையைத் திட்டமிடும் டிஸ்பாட்ச்சர் இதை அப்படியே விடுவதில்லை. திரும்பும் விமானத்தைக் காற்றோட்டத்துக்கு வடக்கே விலக்கிக் கொண்டுபோவார். பாதை 9,000 கி.மீ. ஆகட்டும், எதிர்க்காற்று 50 ஆகக் குறைந்தால் தரை வேகம் 840. நேரம் 10 மணி 43 நிமிடம். 250 கி.மீ. அதிகம் பறந்து அரை மணி நேரம் மிச்சம். வரைபடத்தில் விமானம் சுற்றி வருவதைப் பார்த்து, 'ஏன் நேராகப் போகவில்லை' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வட அட்லாண்டிக்கில் இந்தத் தேர்வு ஒரு ஒழுங்கோடு நடக்கிறது: அன்றன்றைய காற்றைப் பார்த்து, கிழக்கே செல்லும் தடங்களைக் கனடாவின் கேண்டர் மையமும், மேற்கே செல்லும் தடங்களை பிரிட்டன், அயர்லாந்து பக்கத்து ஷான்விக் மையமும் தினமும் வெளியிடுகின்றன. நேற்றுப் போன வழி இன்று இருக்காது.

இதன் உச்சம் என்று நான் கருதுவது டெல்லி–சான் பிரான்சிஸ்கோ. பெருவட்டத் தூரம் சுமார் 12,380 கி.மீ.; அந்தக் கோடு சைபீரியா வழியாக ஆர்க்டிக்கில் 75 பாகைக்கும் மேலே போகும். ஏர் இந்தியா முதலில் ஐரோப்பா, அட்லாண்டிக் பக்கமாக 13,900 கி.மீ. அளவில் பறந்துகொண்டிருந்தது. 2016 அக்டோபரில் கிழக்கே திரும்பிப் பசிபிக் வழியாகப் போனது: 15,300 கி.மீ., சுமார் பதினான்கரை மணி நேரம். தூரம் 1,400 கி.மீ. கூடியும் நேரம் குறைந்தது. கணக்கு எளிது. பதினான்கரை மணி நேரத்தை 890-ஆல் பெருக்கினால் காற்றுக்குள் அந்த விமானம் கடந்தது 13,000 கி.மீ.க்கும் குறைவு, மீதியைக் காற்று கொடுத்தது. எரிபொருளும் இந்தக் காற்றுத் தூரத்துக்குத்தான் செலவாகும். இரண்டு நிலையங்களின் தூரம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நேரத்தைத் தீர்மானிக்கும் தூரம் இதுதான். இதற்கு நிலையான எண் கிடையாது, திசைக்கும் நாளுக்கும் ஏற்ப மாறும்.

விமானி வேகத்தைக் கூட்டி ஈடுகட்டலாமே என்றால், அதில் பெரிதாக இடமில்லை. 0.84-லிருந்து 0.86-க்கு ஏற்றினால் 14 மணி நேரப் பயணத்தில் 20 நிமிடம் கிடைக்கும். எரிபொருள் செலவு அதைவிட வேகமாக ஏறும். கூடுதல் எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் வேண்டும் என்பதால், நீண்ட பயணத்தில் அந்தச் செலவு இரட்டிப்பாக உறுத்தும்.

கோடு இருந்தும் போக முடியாத இடங்கள்

சாண்டியாகோவிலிருந்து சிட்னிக்குப் பெருவட்டத் தூரம் 11,340 கி.மீ.; கோடு தெற்கே ஏறக்குறைய 62 பாகை வரை, அண்டார்டிகாவை நோக்கி இறங்கும். வழியில் இறங்க நிலையங்கள் மிகக் குறைவு. இரட்டை எஞ்சின் விமானம் ஒரு எஞ்சினோடு குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஏதாவது ஒரு நிலையத்தை அடையும்படிதான் பறக்க வேண்டும் என்பது விதி. சிறப்பு அனுமதி இல்லாவிட்டால் 60 நிமிடம். 1985-ல் 120-ம், 1988-ல் 180-ம் வந்தன. இப்போது போயிங் 787-க்கு 330 நிமிடம் வரை, ஏர்பஸ் ஏ350-900-க்கு 370 நிமிடம் வரை சான்று உண்டு. விமான வகைக்குச் சான்று இருந்தால் மட்டும் போதாது, நிறுவனமும் தனியாக அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் அதே விமானம் அதே ஊர்களுக்கு நடுவே நீண்ட வழியில்தான் போகும்.

துருவப் பக்கம் வேறு சிக்கல். ஜெட் ஏ-1 எரிபொருள் உறையும் வரம்பு மைனஸ் 47 பாகை, அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ-க்கு மைனஸ் 40. தொட்டியில் வெப்பநிலை இந்த வரம்புக்கு மூன்று பாகை அருகில் வந்தால் விமானி கீழே இறங்கியோ, வேகத்தைக் கூட்டியோ, வழியை மாற்றியோ சமாளிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடத் திடீரென்று நேரத்தைப் புரட்டிப்போடுவது மூடப்படும் வான்பகுதிதான். ஹெல்சின்கி–டோக்கியோ நரிட்டா 7,830 கி.மீ.; ரஷ்யாவின் மேல் பறந்தபோது சுமார் ஒன்பதரை மணி நேரம். 2022-ல் அந்த வான்பகுதி மூடப்பட்ட பிறகு ஃபின்ஏர் விமானங்கள் வட துருவத்தைச் சுற்றியோ தெற்கே விலகியோ போக வேண்டியதாகி, நேரம் 13 மணி அளவுக்கு ஏறியது. தூரக் கணிப்பானில் அந்த 7,830 இன்றும் மாறாமல் நிற்கிறது.

கேட்டிலிருந்து கேட்டுக்கு

கால அட்டவணையில் போட்டிருப்பது வானில் பறக்கும் நேரம் அல்ல. விமானம் கேட்டை விட்டு நகர்ந்த நொடியிலிருந்து அடுத்த ஊரின் கேட்டில் நிற்கும்வரை உள்ள நேரம். பெரிய நிலையங்களில் ரன்வேக்கு ஊர்ந்து போக 15 முதல் 25 நிமிடம், இறங்கியபின் கேட்டுக்கு வர 5 முதல் 15 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, ரன்வேயின் திசைக்கு ஏற்பச் சுற்ற வேண்டும். இவை இன்னொரு கால் மணி நேரத்தைக் கேட்கும். ஆகவே மேலே போட்ட 8 மணி 45 நிமிடத்தோடு 35 முதல் 55 நிமிடம் சேர்த்தால்தான் அட்டவணைக்கு அருகில் வரும். இதற்கு மேலும் நிறுவனங்கள் கொஞ்சம் தளர்வு வைத்துத்தான் அட்டவணை போடும். 'அரை மணி முன்னதாகவே வந்துவிட்டோம்' என்ற அறிவிப்பு பெரும்பாலும் அந்தத் தளர்வு செலவாகாமல் போனதால் வருவது.

அட்டவணையிலிருந்து நேரத்தை எடுக்கும்போது இரண்டு ஊர்களின் நேரத்தையும் உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்றிவிட்டுக் கழிக்க வேண்டும். நரிட்டாவில் மாலை 5 மணிக்குக் கிளம்பி, குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் அதே நாள் காலை 9.40-க்கு இறங்கும் விமானம் என்றால்: ஜப்பான் 9 மணி முன்னே, ஆகவே 08.00, லாஸ் ஏஞ்சலஸ் 8 மணி பின்னே, ஆகவே 17.40, பயணம் 9 மணி 40 நிமிடம். கோடையில் லாஸ் ஏஞ்சலஸ் 7 மணி பின்னே வந்துவிடும், ஜப்பான் மாறாது. மார்ச் மாதம் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்கா கடிகாரத்தை இரண்டாவது ஞாயிறன்று முன்தள்ளுகிறது, ஐரோப்பா கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் 5 மணி அல்ல, 4. அந்த வாரங்களில் இணைப்பு விமானத்தைக் கையால் கணக்கிட்டவர்கள் ஒரு மணி நேரத்தைத் தொலைப்பது இங்கேதான்.

நேரடி விமானம் இல்லாதபோது எந்த ஊர் வழியாகப் போவது என்ற கேள்வியில் தூரத்துக்குத் தேவைக்கு மேல் மதிப்புக் கொடுக்கிறார்கள். லண்டன்–சிட்னி பெருவட்டத் தூரம் 17,020 கி.மீ. சிங்கப்பூர் வழியாகப் போனால் 17,180 வரும், துபாய் வழியாக 17,540. இரண்டுக்கும் வித்தியாசம் 360 கி.மீ., 25 நிமிடம்கூட இல்லை. ஒரு முறை இறங்கி ஏறுவதே அரை மணி நேரத்துக்கு மேல் தின்னும். அதோடு காத்திருப்பு ஒன்றரை மணியா ஐந்து மணியா என்பதுதான் மொத்த நேரத்தைத் தீர்மானிக்கும். முதலில் காத்திருப்பைப் பாருங்கள், பிறகு எந்த டெர்மினலில் இறங்கி எதில் ஏற வேண்டும் என்பதைப் பாருங்கள், தூரத்தைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

நம்பகமான நேரம் வேண்டுமானால், விமானத் தடங்காட்டித் தளங்களில் அதே எண்ணுள்ள விமானம் கடந்த இரண்டு வாரங்களில் எடுத்த நேரத்தைப் பார்க்கலாம். புறப்படும் மாதம் தள்ளி இருந்தால் போன ஆண்டின் அதே மாத அட்டவணையைப் பாருங்கள். மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் அட்டவணைப் பருவம் மாறுகிறது, நேரங்களும் மாறும். சராசரியை எடுக்காதீர்கள். இருப்பதிலேயே நீண்ட இரண்டு மூன்று நாட்களின் நேரத்தை எடுத்து அதை வைத்து அடுத்த விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். தளம் காட்டுவது ரன்வேயிலிருந்து ரன்வேக்கா, கேட்டிலிருந்து கேட்டுக்கா என்பதையும் சரிபாருங்கள்; முதலாவது என்றால் இன்னும் அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.